பழைய ஹொண்டா 750க்குப் பெரிய ஒயில் கூலர் தேவையா?

பருத்தித்துறைப் பக்கம் ஒரு வீட்டின் பின்கொட்டிலில் கிடந்த, 1970களில் வந்த ஹொண்டா சிபி 750 மோட்டார் சைக்கிளை வாங்கி, கொக்குவிலில் வைத்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது. முன்னைய உரிமையாளர் எவரோ அதில் சிறியதொரு ஒயில் கூலரை, அதாவது எஞ்சின் ஒயிலைக் காற்றால் குளிரவைக்கும் கருவியை, பொருத்தியிருக்கிறார். யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது போதாது என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். ஒயில் ஓடும் குழாய் அடுக்குகள் 19 கொண்ட பெரிய கூலர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா, தெர்மோஸ்டாட் தேவையா, ஹோஸ்களை எங்கே இணைப்பது என்று கேட்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்தில் வண்டி சில மாதங்கள் மண்ணெண்ணெயில் ஓடியதாகக் கேள்விப்பட்டதையும் கடைசி வரியில் எழுதியிருக்கிறார்.

தம்பி, நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கூலரை மாற்றுங்கள். 19 அடுக்கு வேண்டாம். 10 அடுக்கு தாராளம். ஒயில் தாங்கிக்குத் திரும்பி வரும் குழாயில் அதை இணையுங்கள். அந்த அளவுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை. ஆனால் இதில் எதற்கும் காசு செலவழிக்குமுன் எஞ்சின் உண்மையிலேயே எவ்வளவு சூடாகிறது, ஏன் சூடாகிறது என்று பாருங்கள். தொழிற்சாலை இந்த எஞ்சினுக்குக் கூலர் கொடுக்கவில்லை. 1969இல் அறிமுகமாகி உலகின் வெப்ப நாடுகளிலும் ஓடிய வண்டி இது. சரியான நிலையில் இருக்கும் சிபி 750 நமது ஊர் வீதிகளில் கூலர் இல்லாமலே ஓடும். கொதிக்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே ஏதோ பிழைத்திருக்கிறது. அந்தப் பிழையைக் கூலரால் மூடி மறைத்தால் ஒயிலின் சூடு குறைந்ததாகத் தெரியும். வால்வும் பிஸ்டனும் கருகிக்கொண்டே இருக்கும்.

இப்போது அந்த மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். எனக்கு உங்கள் கேள்வியில் மிக முக்கியமாகப் பட்டது அதுதான். 1990களின் முற்பகுதியில் பெற்றோல் குடாநாட்டுக்குள் வராதபோது, இங்கே மோட்டார் சைக்கிள்களும் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு உதைத்து ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். அந்தக் கைவண்ணத்தால்தான் அன்று நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஆசிரியர்கள் பள்ளிக்கூடம் போனார்கள். அதைச் செய்து காட்டிய மெக்கானிக்குகள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் எஞ்சினுக்கு அது கேடுதான். மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாத பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கிருக்கும் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். அப்படி ஓடிய எஞ்சினில் சிலிண்டரும் ரிங்குகளும் விரைவில் தேய்ந்துவிடும். தேய்ந்த ரிங் வழியாக எரிந்த வாயு கீழே கசியும்; அது நேரே ஒயிலைத்தான் சுட வைக்கும். இப்படிச் சூடாகும் ஒயிலுக்கு எத்தனை அடுக்குக் கூலர் வைத்தாலும் மருந்தில்லை. சிலிண்டரைக் கடைந்து அளவு கூடிய பிஸ்டன் போடுவதுதான் வழி.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் தட்டும் (கலவை நேரத்துக்கு முன் தானாக வெடிக்கும்) என்பதால், அழுத்தத்தைக் குறைக்கச் சிலிண்டரின் அடியில் இரட்டைக் காஸ்கெட் வைப்பது ஒரு வழக்கம். உங்கள் எஞ்சினைப் பிரிக்கும்போது அடிக் காஸ்கெட்டைக் கவனமாக உரித்துப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இருந்தால் வியப்படைய வேண்டாம். அது அழுத்தத்தை மட்டும் குறைக்கவில்லை. சிலிண்டர் மேலே எழும்பியதால், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டைச் சுழற்றும் சங்கிலியின் கணக்கு மாறி, வால்வு திறக்கும் நேரம் சற்றுப் பிந்துகிறது. இந்த எஞ்சினில் ஹெட்டுக்கு ஒயில் ஏறும் வழியில், சிலிண்டரின் அடியில், ஊசித்துளை கொண்ட சிறு துண்டுகளும் அவற்றைச் சுற்றி ரப்பர் வளையங்களும் உண்டு. இரட்டைக் காஸ்கெட்டோடு அந்த வளையம் சரியாக இறுகாமல் போகலாம். அப்போது மேலே போக வேண்டிய ஒயில் இடையில் கசிந்து, கேம் தண்டுக்குக் குறைவாகச் சேரும்.

அந்த ஊசித்துளைத் துண்டுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவற்றின் துளை மிக நுண்ணியது. எஞ்சினைப் பூட்டுகிறவர்கள் ஒயில் கசியக்கூடாது என்ற அக்கறையில் சிலிக்கன் பசையை இரு பக்கமும் அள்ளிப் பூசுவார்கள். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடுகிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது காய்ந்து, துண்டாகி, ஒயிலோடு சுற்றி வந்து இந்தத் துளையில் அடைத்துக்கொள்ளும். கேம் தண்டின் இருக்கைகள் வரண்டு உராய்ந்து, ஹெட் கொதிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர், ‘யாழ்ப்பாண வெயில் தாங்கவில்லை, கூலர் வையுங்கள்’ என்பார். பழைய எஞ்சினைத் திறந்தால் இந்தத் துண்டுகளை வெளியே எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, துளை வழியே ஒளி தெரிகிறதா என்று பாருங்கள். கம்பி விட்டுக் குத்தவேண்டாம், துளை பெரிதாகிவிடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றால் ஊதினால் போதும்.

எஞ்சினின் மற்றச் சூட்டுக் காரணங்கள் நீங்கள் அறிந்தவைதான், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். காபரேட்டரின் ஜெட்டுகளில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அசல் காற்றுப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு சிறு பில்டர்களை மாட்டியிருந்தால், ஜெட் மாற்றாதவரை கலவை மெலிந்து எஞ்சின் சூடாகும். இந்த எஞ்சினில், தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பொயின்ற் இரண்டு சோடி: ஒன்று 1, 4 சிலிண்டர்களுக்கு, மற்றது 2, 3க்கு. காற்று குறைவாகப் படும் நடுச் சிலிண்டர்கள் இயல்பிலேயே சூடு கூடியவை. அவற்றின் தீப்பொறி பிந்தினால் நிலைமை இன்னும் மோசமாகும். இரண்டு சோடியையும் தனித்தனியே பாருங்கள். டப்பற் இடைவெளி (வால்வின் நுனியில் விடும் இடைவெளி), எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, உள்வால்வுக்கு 0.05 மில்லிமீற்றர், வெளிவால்வுக்கு 0.08 மில்லிமீற்றர். வெளிவால்வு இறுகியிருந்தால் அது இருக்கையில் முழுதாக அமராது. தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாமல் வால்வே எரியும். சிலிண்டரைக் காற்றில் குளிரவைக்கும் மெல்லிய செட்டைகளுக்கு அழகுக்காகத் தடித்த பூச்சு அடிக்காதீர்கள். மெல்லிய கறுப்புப் பூச்சு கெடுதல் செய்யாது. பவுடர் பூச்சைச் சுட்டு ஏற்றினால் செட்டைகளுக்குப் போர்வை போர்த்தியது போலாகிவிடும்.

இத்தனையும் சரிசெய்த பின்பு அளந்து பாருங்கள். கூலரைக் கழற்றி, ஹோஸை அசல் வழியில் நேரே பூட்டி, அளவெடுங்கள். புது ரிங் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீற்றருக்குச் சூடு கூடுதலாகத்தான் இருக்கும், அது கழியட்டும். பிறகு ஒரு சித்திரை அல்லது வைகாசி மாதத்துப் பிற்பகலில், நகரிலிருந்து ஏ9 வீதியில் ஆனையிறவு வரை நிற்காமல் ஓட்டிச் செல்லுங்கள். ஏறத்தாழ 50 கிலோமீற்றர். சாவகச்சேரி, கொடிகாமம், பளை என்று ஊர் குறையக் குறைய ஒரே வேகத்தில் போக முடியும். ஒயில் தன் நிலையான சூட்டை எட்டுவதற்கு அந்தத் தூரம் தேவை. போய் நின்றதும் தாங்கியின் மூடியைத் திறந்து, சமையலுக்குப் பயன்படும் நீண்ட ஊசி வடிவ வெப்பமானியை ஒயிலுக்குள் விட்டுப் பாருங்கள். மூடிக்குப் பதிலாகத் திருகிவைக்கும் வெப்பமானியும் கிடைக்கிறது.

துப்பாக்கி வடிவத்தில் விற்கும் அகச்சிவப்பு வெப்பமானியால் பளபளக்கும் அலுமினியத்தை நேரே அளக்காதீர்கள். பளபளப்பான உலோகம் தன் சூட்டை மிகக் குறைவாகவே கதிராக வெளிவிடும். கருவி உண்மையை விட வெகு குறைவான எண்ணைக் காட்டும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், அளக்கும் இடத்தில் காசு அளவுக்கு மங்கலான கறுப்பு வண்ணம் தடவி, அந்தப் புள்ளியை மட்டும் அளவிடுங்கள்.

தாங்கியில் 110 பாகை செல்சியஸுக்குள் நின்றால் கூலரே வேண்டாம் என்பது என் கருத்து. 110க்கும் 125க்கும் இடையில் நின்றால் 10 அடுக்குக் கூலர் நல்ல உதவி செய்யும். அதற்கு மேலே போனால் எஞ்சினுக்குள் இன்னும் ஏதோ இருக்கிறது, திரும்பத் திறவுங்கள். ஒவ்வொரு 10 பாகைக்கும் ஒயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே 125ஐ 110க்குக் கொண்டுவருவது சின்ன விடயமில்லை.

உங்கள் நண்பர்கள் வெயிலைப் பற்றிச் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. அது எவ்வளவு என்பதையும் பார்த்துவிடலாம். கூலர் வெளியேற்றும் வெப்பம், ஒயிலுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள சூட்டு வித்தியாசத்தைப் பொறுத்தது. ஒயில் 110 பாகையில் இருக்கிறது என்று வையுங்கள். 15 பாகைக் குளிரில் ஓடும் ஒரு நாட்டில் வித்தியாசம் 95. இங்கே 34 பாகையில் அது 76. அதாவது அதே கூலர் இங்கே ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வேலை செய்யும். அவ்வளவுதான். அந்த ஐந்தில் ஒரு பங்கை ஈடுசெய்ய, அங்கே 8 அடுக்குப் போதுமான எஞ்சினுக்கு இங்கே 10 அடுக்குப் போதும். 19க்குத் தாவ வேண்டியதில்லை.

பெரிதாக இருந்தால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று கேட்கலாம். ஒயில் சூடாவதும் அவசியம். எரிதலின்போது உண்டாகும் நீராவியில் ஒரு பகுதி ரிங் வழியாகக் கீழே வந்து ஒயிலில் சேர்கிறது. ஒயில் நன்றாகச் சூடானால்தான் அந்த நீர் ஆவியாகிச் சுவாசக் குழாய் வழியே வெளியேறும். கொக்குவிலிலிருந்து சந்தைக்கும் அங்கிருந்து வீட்டுக்குமாக ஓடுகிற வண்டியில் மிகப் பெரிய கூலரைப் பொருத்தினால் ஒயில் 80 பாகையைக்கூடத் தொடாது. மாரி காலத்தில் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள்; உட்புறத்தில் வெண்ணெய் போல வெளிறிய பசை அப்பியிருந்தால், ஒயிலில் நீர் தங்குகிறது என்று பொருள். இதைத் தவிர்க்கத்தான் பெரிய கூலர்களுக்குத் தெர்மோஸ்டாட் வைக்கிறார்கள். ஒயில் ஏறத்தாழ 80 பாகை வரும்வரை அது கூலருக்குப் போகாமல் குறுக்குவழியில் திரும்பிவிடும். நல்ல கருவிதான். ஆனால் அதோடு நான்கு புதிய பொருத்துகளும் வருகின்றன, ஒவ்வொன்றும் கசியக்கூடிய இடம். அளவான கூலரைப் போட்டால் இந்த ஊரில் அந்தத் தொல்லை வேண்டாம்.

பெரிய கூலரின் இன்னொரு தீமை ஒயிலின் ஓட்டத்தில் இருக்கிறது. என் பதிலின் மையம் இதுதான் என்பதால் விளக்கிச் சொல்கிறேன். இந்த எஞ்சினில் ஒயில் அடியில் தேங்கி நிற்பதில்லை. வலப்பக்க மூடிக்குப் பின்னால் தனித் தாங்கி ஒன்று உண்டு; மொத்தம் 3.5 லீற்றர். அங்கிருந்து ஒரு பம்பி ஒயிலை இழுத்து, முன்னாலுள்ள பில்டர் வழியாகத் தள்ளி, கிராங்கின் பேரிங்குகளுக்கும் மேலே கேம் தண்டுக்கும் அனுப்புகிறது. அடியில் வடியும் ஒயிலை இரண்டாவது பம்பி உறிஞ்சித் தாங்கிக்கே திருப்புகிறது. இரண்டாவது பம்பி முதலாவதை விடக் கூடுதலாக இழுக்கக்கூடியது. அதனால் அது ஒயிலோடு காற்றையும் சேர்த்தே அனுப்பும். திரும்பு குழாயில் ஒயில் ஒரே சீராக வராமல் விட்டுவிட்டு, நுரையோடு வரும்.

கூலரை இணைக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே தகட்டுத் துண்டு வைத்து, அழுத்தம் கூடிய பக்கத்தில் இணைப்பது. ஒயில் சீராக ஓடும், நுரை இருக்காது, குளிர்ச்சியும் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அங்கே ஒரு ஹோஸ் வெடித்தால் பேரிங்குகளுக்குப் போக வேண்டிய ஒயில் முழுவதும் வீதியில் கொட்டும். நீங்கள் ஒயில் எச்சரிக்கை விளக்கைக் கவனித்து நிறுத்துவதற்குள் கிராங்க் போய்விடும். அந்த ஒயில் பின் ரயரிலும் தெறிக்கும். மற்றது, திரும்பு குழாயில் இணைப்பது. எஞ்சினிலிருந்து தாங்கிக்குப் போகும் ஹோஸை எடுத்துவிட்டு, அந்த வழியைக் கூலருக்கு முன்னே கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அங்கே அழுத்தம் குறைவு. கசிவு வந்தாலும் தாங்கியில் இருக்கும் ஒயில் பேரிங்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கும், நிறுத்த அவகாசம் கிடைக்கும். உதிரிப்பாகத்துக்குக் கொழும்பின் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டிய ஒரு எஞ்சினுக்கு, நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஆனால் திரும்பு வழியில் தடை கூடக்கூடாது. அந்தப் பம்பி தள்ளத் திணறினால், ஒயில் எஞ்சினின் அடியிலேயே தங்கிவிடும். கிராங்க் அதைக் கலக்கி அடிக்கும். அந்தக் கலக்கலே மேலும் சூட்டை உண்டாக்கும். தாங்கியில் ஒயில் குறைந்ததாகத் தெரியும், நீங்கள் மேலும் ஊற்றுவீர்கள். பின்பு சுவாசக் குழாயில் ஒயில் கக்கும், சைலன்சரில் நீலப் புகை வரும். கூலர் பூட்டிய பின் இப்படி வந்தால் ரிங்கைக் குறைசொல்லாதீர்கள், ஹோஸைப் பாருங்கள். அசல் ஹோஸின் உள்விட்டத்தை விட ஒடுங்கிய எந்தப் பொருத்தும் வழியில் இருக்கக்கூடாது. பொருத்தின் வெளி அளவு பெரிதாக இருந்தாலும் உள்துளை சிறிதாக இருக்கும். வாங்குமுன் துளையை அளந்து பாருங்கள். செங்கோணமாக மடங்கும் பொருத்துகளை இயன்றவரை தவிருங்கள்.

இதனால்தான் பல்சர் 220இன் கூலரைக் கழற்றி இதற்குப் பொருத்தலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்கிறேன். அது இங்கே எளிதில் கிடைக்கிறது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அது ஒற்றைச் சிலிண்டர் 220 சிசி எஞ்சினின் ஒயில் அளவுக்கு அமைக்கப்பட்டது. நான்கு சிலிண்டர் 736 சிசி எஞ்சினின் ஓட்டத்துக்கு அதன் வழி ஒடுக்கம்.

இனிப் பழைய கூலரைப் பற்றி. அதைத் திருப்பிப் பூட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் புதியது வருவதற்கிடையில் அதையே போட்டு ஓட்டலாம் என்ற எண்ணம் வரும். அதற்குமுன் ஒரு சோதனை. கூலரைக் கழற்றி, கால்வாசிக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, இரு வாய்களையும் அடைத்து நன்றாகக் குலுக்குங்கள். பிறகு ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக, பழைய வெள்ளை வேட்டித் துண்டொன்றின் மேல் வடியவிடுங்கள். துணியை வெயிலில் பிடித்துச் சற்றே அசைத்துப் பாருங்கள். கறுப்புக் கசண்டு மட்டும் இருந்தால் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவலாம். மினுங்கும் பொடி இருந்தால் காந்தத்தைக் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டினால் உருக்கு: கியர் அல்லது சங்கிலியிலிருந்து வந்திருக்கும். ஒட்டாமல், சாம்பல் வெள்ளியாக, செதில் செதிலாக இருந்தால் அது பேரிங்கின் உலோகமாகவோ பிஸ்டனின் அலுமினியமாகவோ இருக்கும். அப்படியான கூலரை எறிந்துவிடுங்கள். எவ்வளவு கழுவினாலும் உள்மடிப்புகளில் மறைந்திருக்கும் செதில், ஒயில் சூடாகி ஓடத் தொடங்கியதும் கிளம்பி வரும். திரும்பு குழாயில் இருந்தால் அது தாங்கிக்கு வந்து, பம்பியால் இழுக்கப்பட்ட பிறகுதான் பில்டரைக் காணும்.

கசிவைச் சோதிக்க ரயர் ஒட்டும் கடை போதும். ஒரு வாயை அடைத்து, மற்றதில் ரயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, 40 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பாருங்கள். பருத்தித்துறைக் கொட்டிலில் கிடந்தது என்கிறீர்கள். உப்புக் காற்று பட்ட அலுமினியம் மேலே நன்றாகத் தெரிந்தாலும், இரும்புத் தாங்குதகடு தொட்ட இடத்தில் வெள்ளைப் பொடியாக அரித்திருக்கும். குமிழி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

புதிய கூலரை மாட்டும்போதும் இதை நினைவில் வையுங்கள். இரும்பும் அலுமினியமும் நேரே தொடக்கூடாது. நடுவில் ரப்பர் இருக்க வேண்டும். அது அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். இடம் என்று பார்த்தால், சட்டத்தின் முன் குழாய்களுக்கு முன்னால், ஹோர்ன் இருக்கும் உயரத்தில். ஹெட்டுக்கு நேர் முன்னே மறைத்து மாட்டினால் ஒயிலைக் குளிரவைத்து நடுச் சிலிண்டர்களைச் சுட வைத்ததாகிவிடும். கான்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, முன் சில்லைத் தாங்கும் போர்க்குகளை அமுக்கி, மட்கார்டோ ஹோஸோ எங்கும் தொடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். வாய்கள் மேல்நோக்கி இருப்பது நல்லது, உள்ளே காற்று அடைபடாது. பொருத்துகளை இறுக்கும்போது இரண்டு ஸ்பனர் பிடியுங்கள்: ஒன்று கூலரின் வாயை அசையாமல் தாங்க, மற்றது நட்டைத் திருக. ஒற்றை ஸ்பனரோடு இறுக்கி, மெல்லிய அலுமினியக் கழுத்து முறுகிப் புதுக் கூலர் முதல் நாளே கசிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஹோஸ் விடயத்தில் யாழ்ப்பாணத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. உழவு இயந்திரங்களுக்கும் மண்வெட்டும் இயந்திரங்களுக்கும் ஹைட்ரோலிக் ஹோஸ் அழுத்திக் கொடுக்கும் கடைகளில், உங்கள் அளவுக்கே செய்துகொள்ளலாம். அழுத்தத்தைப் பொறுத்தவரை அவை தேவைக்கு மிக மேலானவை. சூட்டைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஹைட்ரோலிக் ஹோஸ் பலவும் 100 பாகைக்குத்தான் உத்தரவாதம் கொண்டவை. உங்கள் திரும்பு குழாயில் வரும் ஒயில் 110, 120 இருக்கும். சில மாதங்களில் உள் ரப்பர் இறுகி வெடித்து, துகள் துகளாக ஒயிலில் சேரும். 120 பாகைக்கு மேல் தாங்குவது என்று ஹோஸில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பெற்றோல் குழாயை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது. ஹோஸ் போகும் வழி வலப்பக்கம் என்பதால் சங்கிலியின் தொல்லை இல்லை. கிக்கர் அதே பக்கம் இருக்கிறது, அதன் முழு வீச்சையும் உதைத்துப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். சைலன்சர் குழாய்களிலிருந்து விலக்கி வையுங்கள்.

பூட்டிய பின் முதல் ஸ்டார்ட் அவசரப்பட வேண்டிய வேலை இல்லை. கூலரையும் ஹோஸையும் ஒயிலால் நிரப்பிப் பூட்டுங்கள், 3.5 லீற்றருக்கு மேல் கூடுதலாகக் கொஞ்சம் தேவைப்படும். பிளக்குகளைக் கழற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை கிக்கரால் உதையுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்து, தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். திரும்பி வரும் ஒயில் உள்ளே தெறித்து விழுவது தெரிய வேண்டும். கூலர் நிரம்பியிருந்தால் சற்று நேரத்திலேயே வரும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒயில் மட்டத்தைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்தியவுடன் பார்க்க வேண்டும். நாள்கணக்கில் நின்ற வண்டியில் ஒயில் பம்பி வழியே மெல்லக் கசிந்து அடிக்கு இறங்கியிருக்கும். தாங்கி காலியாகத் தெரிகிறதே என்று ஊற்றினால் அளவு மிஞ்சும். ஒயில் 20டபிள்யூ-50 நமது காலநிலைக்கு ஏற்றது. கிளச்சும் அதே ஒயிலில்தான் நனைகிறது, ஆகவே போத்தலில் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற, ஒயிலில் நனையும் கிளச்சுக்கு ஏற்றது என்பதற்கான குறி இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். காருக்கான எரிபொருள் சேமிப்பு ஒயில் ஊற்றினால் கிளச் வழுக்கும்.

ஓடத் தொடங்கிய பின் இரண்டு விடயங்கள். காற்று படாமல் கூலர் வேலை செய்யாது. கே.கே.எஸ். வீதியிலிருந்து பிரியும் ரயில் கடவைகளில் படலை விழுந்திருக்கும்போதும், நல்லூர்த் திருவிழா நாட்களில் வீதித் தடைகளில் ஊர்ந்து நிற்கும்போதும், 10 அடுக்கு இருந்தாலும் 19 அடுக்கு இருந்தாலும் ஒன்றுதான், எஞ்சினை நிறுத்திவையுங்கள். மற்றது சோளகம் வீசும் மாதங்கள். வலிகாமத்துச் செம்மண் தூசி கூலரின் செட்டைகளுக்கிடையில் படியும்; கசிந்த சிறு ஒயில் ஈரத்தோடு சேர்ந்து அடைபோல இறுகும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போய் வருகிறவர்களுக்கு உப்பும் சேரும். நல்ல தண்ணீரை வாளியிலிருந்து ஊற்றிப் பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் கழுவுங்கள், மென்மையான தூரிகை போதும். சேர்விஸ் நிலையத்தில் வண்டியைக் கொடுக்கும்போது, அழுத்தத் தண்ணீரைக் கூலருக்கு நேரே அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். செட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் காற்று உள்ளே நுழையாது. பிறகு மெல்லிய தகடு ஒன்றால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியிருக்கும்.

முதல் 500 கிலோமீற்றரில் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். பழைய பில்டரைக் குப்பையில் போடாமல் கத்தியால் வெட்டி, தாளை விரித்துப் பாருங்கள். முன்பு வேட்டித் துண்டில் செய்த அதே சோதனைதான். அதில் ஒன்றுமில்லை என்று கண்ட பிறகு ஆனையிறவு ஓட்டத்தை இன்னொரு முறை, கூலரோடு, அதே நேரத்தில் ஓட்டி அளவெடுங்கள். முன்னைய எண்ணையும் புதிய எண்ணையும் எழுதி அனுப்புங்கள். 10 அடுக்கு உங்களுக்குப் போதுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.